குதிரை ரேஸ், புக்கி, நடுவுல போற காசு: நம்ம கடற்கரை ஆளுங்க கேட்டதுக்கு என் பதில்

கிண்டியில ஒரு ட்ரெயினர்கிட்ட லாயத்துக் கணக்கு எழுதினவன் நான், இப்ப தேவிபட்டினத்துல இருக்கேன். குதிரை ரேஸ் ஏன் ஒவ்வொரு ஊரா காசில்லாம தள்ளாடுது, புக்கிக்கும் ரேஸுக்கும் நடுவுல என்ன கொடுக்கல் வாங்கல்னு நம்ம பக்கத்து ஆளுங்க நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒவ்வொண்ணா எடுத்துக்கிறேன், சிலதுக்கு பதில் நீளும்.

தொண்டியிலேருந்து ஒரு தம்பி: அண்ணே, ஜெயிக்கிற குதிரைக்கு குடுக்குற பரிசுப் பணம் எங்கேருந்து வருது? கேட்ல வாங்குற டிக்கெட் காசுலயா?

இல்ல தம்பி, கேட் காசு ரொம்ப சின்னது. ஓனர் கட்டுற என்ட்ரி ஃபீஸ் கொஞ்சம், ஸ்பான்சர் கொஞ்சம், மீதி பெரும்பகுதி குதிரை மேல ஜனங்க கட்டுற பணத்துலேருந்து தான் வரணும். அது ரெண்டு வழியில வரும். ஒண்ணு டோட், எல்லாரும் கட்டுறதை ஒரே பானையில போட்டு கிளப் தன் பங்கை மொதல்ல எடுத்துக்கிட்டு மிச்சத்தை ஜெயிச்சவங்களுக்கு பிரிச்சுக் குடுக்கும், எந்தக் குதிரை ஜெயிச்சாலும் கிளப்புக்கு நட்டமே கிடையாது. இன்னொண்ணு புக்கி, அவர் இந்தக் குதிரைக்கு இவ்ளோ தரேன்னு விலை சொல்லி தன் சொந்தக் காசை வச்சு நிக்கிறவர், ஃபேவரிட்டா, அதாவது ஜெயிக்கும்னு நிறைய பேர் கட்டுற குதிரையா, வந்துட்டே இருந்தா அவர் கைய விட்டுப் போகும். அவர் லாபத்துல ரேஸுக்கு எவ்ளோ திரும்பி வரணும்ங்கிறது தானா நடக்காது, சட்டமோ ஒப்பந்தமோ சொன்னா தான் வரும். உலகம் பூரா இருக்கிற சண்டை அத்தனையும் இந்த ஒரு இடத்துல தான்.

ராமேஸ்வரத்துலேருந்து: இங்கிலாந்துல ரேஸ்காரங்களே ஒருநாள் ஸ்ட்ரைக் பண்ணாங்கன்னு படிச்சேன், அவ்ளோ பெரிய ஊர்ல ரேஸுக்கு என்ன காசுப் பஞ்சம்?

இது நல்ல கேள்வி, கொஞ்சம் பின்னாடி போய்ட்டு வரணும். 1961 வரைக்கும் அங்க ரேஸ் கோர்ஸுக்கு வெளிய ரொக்கமா கட்டுறது குத்தம், தெருமுனையில ஆள் நிறுத்தி ரகசியமா வாங்குவாங்க. அந்த வருஷம் மே மாசம் பெட்டிங் கடைகளை சட்டப்படி திறந்தாங்க. ஆளுங்க கடையிலயே கட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டா மைதானத்துக்கு யார் வருவா, குதிரை வளக்குற செலவு எங்களுக்கு வரும்படி மட்டும் கடைக்கான்னு ரேஸ் தரப்பு கேட்டதுல தான் லெவி வந்துச்சு, அதாவது புக்கிங்ககிட்டேருந்து சட்டப்படி ஒரு பங்கு வாங்கி பரிசுப் பணம், குதிரை மருத்துவம், மைதானம்னு செலவு பண்ண ஒரு லெவி போர்டு.

நாப்பது வருஷம் பரவால்லாம ஓடுச்சு. அப்புறம் போனும் இன்டர்நெட்டும் வந்துச்சு, புக்கி கம்பெனிங்க ஒவ்வொண்ணா பிரிட்டனுக்கு வெளிய, ஸ்பெயின் ஓரத்துல இருக்கிற ஜிப்ரால்டருக்கு கிளம்புச்சு. 2009ல வில்லியம் ஹில், லேட்ப்ரோக்ஸ்னு பெரிய பேருங்களே ஆன்லைன் வியாபாரத்தை அங்க மாத்திக்கிட்டாங்க. லெவி சட்டம் பிரிட்டன் மண்ணுல உக்காந்திருக்கிற புக்கியை மட்டும் தான் பிடிக்கும், அதனால அதே ஆளு அதே குதிரை மேல கட்டுறான், ஆனா ரேஸுக்கு ஒரு காசு வரல. 2007-08ல 11 கோடி பவுண்டுக்கு மேல வந்த லெவி 2016-17ல அஞ்சு கோடி பவுண்ட் கிட்ட இறங்கிடுச்சு. 2017 ஏப்ரல்ல தான் சட்டத்தை மாத்தி, கம்பெனி எந்த நாட்டுல இருந்தாலும் சரி, பிரிட்டன் ஆளு பிரிட்டன் ரேஸ் மேல கட்டுனா அஞ்சு லட்சம் பவுண்டுக்கு மேல வர்ற லாபத்துல பத்து சதவீதம் குடுத்தாகணும்னு வச்சாங்க. அடுத்த வருஷமே ஒன்பது கோடிக்கு மேல ஏறிடுச்சு. ஓட்டைய அடைச்சா தண்ணி நிக்கும்ங்கிறதுக்கு வேற சாட்சி வேணாம்.

ஸ்ட்ரைக் நடந்தது 2025 செப்டம்பர் 10. ஆன்லைன் சூதாட்டத்துக்கெல்லாம் ஒரே வரின்னு அரசாங்கம் பேசுச்சு, அப்படிப் பாத்தா ரேஸ் பெட்டிங் வரி 15லேருந்து கேசினோ விளையாட்டுக்கு இருந்த 21க்கு ஏறும். ஏறுனா புக்கிங்க ஆட்ஸை, அதாவது ஜெயிச்சா தர்ற விலையை, குறைப்பாங்க, ரேஸ் பக்கம் விளம்பரத்தை குறைப்பாங்க, லெவியும் குறையும்னு பயந்து நாலு மைதானத்துல அன்னைக்கு ரேஸ் நடத்தல. நவம்பர் பட்ஜெட்ல ஆன்லைன் கேசினோவுக்கும் மத்த விளையாட்டு மேல ஆன்லைன்ல கட்டுறதுக்கும் ஏத்துனாங்க, குதிரை ரேஸை மட்டும் 15லயே விட்டாங்க.

அதே ஆள்: அப்ப ரேஸும் புக்கியும் ஒரே பக்கமா, எதிரெதிர் பக்கமா?

ரெண்டும் தான். இதுல என் மனசை உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. லெவி கணக்கு புக்கியோட லாபத்து மேல நிக்குது, கட்டுன மொத்தத் தொகை மேல இல்ல. லாபம்னா என்ன, கட்டுனவன் தோத்த காசு. ஆக ஒரு பெரிய ரேஸ் வாரத்துல ஃபேவரிட்டா ஜெயிச்சு ஜனங்க சந்தோஷமா வீட்டுக்குப் போனா அந்த வருஷம் லெவி இறங்கும். தன்னைத் தேடி வர்ற ரசிகன் தோத்தா தான் தனக்கு சோறுங்கிற நிலைமையில ஒரு விளையாட்டை வைக்கக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன். இன்னொண்ணு, கடையில நாள் பூரா ஏதாவது ஒரு ரேஸ் ஓடிக்கிட்டே இருக்கணும், அது புக்கிக்கு தேவை, தரம் ரெண்டாம்பட்சம். ஓனருக்கு வேண்டியது கம்மி ரேஸ், நல்ல பரிசு. இருக்கிற காசை நிறைய ரேஸுக்கு பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் கிடைக்கிறது குதிரைக்கு ஒரு மாசத் தீனிக்கே பத்தாது.

கீழக்கரை, இப்ப துபாய்ல இருக்கிற ஒரு தம்பி: அண்ணே, இங்க பெட்டிங்கே கிடையாது, ஆனா பரிசு கோடிக்கணக்குல குடுக்குறாங்களே?

துபாய் வேர்ல்ட் கப்பை சொல்றீங்க. 1996ல தொடங்குனது, இப்ப மெய்தான்ல நடக்குது, அந்த ஒரு ரேஸுக்கே ஒரு கோடியே இருபது லட்சம் டாலர். அது ஆட்சியாளரோட ஆசையிலயும் அரசாங்கத்தோட, ஸ்பான்சரோட காசுலயும் நடக்குறது, சவூதி கப் அதைவிடப் பெருசு, ரெண்டு கோடி டாலர். ராஜா குடுக்குற வரைக்கும் ஓடும். வேற ஊரு அதைப் பாத்து நாமளும் பெட்டிங் இல்லாம நடத்தலாம்னு கிளம்புனா ஒரு சீசன் தாங்காது.

பெரியபட்டினத்துலேருந்து காலேஜ் படிக்கிற பொண்ணு: எங்க ஊருக்கும் குதிரைக்கும் சம்பந்தம் உண்டுன்னு ஹிஸ்டரி சார் சொன்னாரு, உண்மையா?

உண்மை தாம்மா. 13ஆம் நூற்றாண்டு கடைசியில அரபு நாட்டுக் குதிரைங்க கப்பல் கப்பலா பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்காரு, அவர் பெருசா சொல்ற துறைமுகம் காயல், இப்ப தூத்துக்குடி மாவட்டத்துல இருக்கு. நம்ம கரையில உங்க ஊர்ல தோண்டுனப்ப சீனப் பீங்கான் துண்டுங்க நிறைய கிடைச்சது, அந்தக் கடல் வியாபாரத்துக்கு உங்க ஊரும் ஒரு சாட்சி. இங்க வந்த குதிரைங்க நிறைய செத்துப் போச்சாம், குதிரையைப் பாக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாம. திரும்பத் திரும்ப வாங்குன காசு ராஜாவோட கஜானாவுலேருந்து போச்சு. லாயத்துல நல்ல ஆள் இல்லேன்னா குதிரை நிக்காதுங்கிறது இன்னைக்கும் அப்படியே தான் இருக்கு.

ராமநாதபுரம் டவுன்லேருந்து: நம்ம நாட்டுல என்ன பிரச்சனை? புக்கிங்க தான் லைசென்ஸோட ரேஸ் கோர்ஸ்க்குள்ளயே உக்காந்திருக்காங்களே?

இதுக்குத் தான் நான் நீளமா பேசணும்னு நினைச்சேன். லைசென்ஸ் புக்கி கிளப்புக்கு கட்டணம் கட்டுறாரு, வரி கட்டுறாரு, கணக்கு காட்டுறாரு. அவரால ரேஸுக்கு நட்டம் இல்ல. பிரச்சனை அவரை தாண்டி வெளிய இருக்கிற புக்கி. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்ப 28 சதவீதம் வச்சாங்க, அதுவும் கிளப்போட கமிஷன் மேல இல்ல, கட்டுற முழுத் தொகை மேல. 2021ல கர்நாடகா ஹைகோர்ட் இது தப்பு, கமிஷன் மேல தான் வரின்னு சொல்லுச்சு, அப்புறம் 2023 அக்டோபர்லேருந்து சட்டத்தையே திருத்தி முழுத் தொகை மேல தான்னு உறுதியாக்கிட்டாங்க, 2025 செப்டம்பர் 22லேருந்து அது 40 சதவீதம்.

கணக்கை பாருங்க. ஒருத்தர் நூறு ரூபா கட்டுறாரு, ஒண்ணுக்கு ஒண்ணு ஆட்ஸ். வரி அவர் தலையில விழுந்தா கையிலேருந்து போறது 140, ஜெயிச்சா வர்றது 200, லாபம் 60. தோத்தா 140 போச்சு. வெளிய டீக்கடை ஓரத்துல நிக்கிற புக்கிகிட்ட நூறு குடுத்தா ஜெயிச்சா இருநூறு, லாபம் நூறு. உள்ள பத்தாயிரத்துக்கு மேல ஜெயிச்சா 30 சதவீதம் டிடிஎஸ் வேற பிடிப்பாங்க, வெளிய அதுவும் இல்ல. இந்த நிலைமையில உள்ள யார் கட்டுவா சொல்லுங்க. வெளிய போன காசுல அரசாங்கத்துக்கும் வரி இல்ல, கிளப்புக்கும் பங்கு இல்ல, பரிசுப் பணம் சுருங்குது, ஓனர் குதிரையை வித்துட்டுப் போறாரு, கடைசியில அடி விழுறது சைஸுக்கு, அதாவது விடியக்காலையில எந்திரிச்சு குதிரையைத் தேய்ச்சுக் குளிப்பாட்டி நடத்திக் கூட்டிட்டுப் போற ஆளுக்கு. ட்ரெயினர் லாயத்துல பத்து குதிரை குறைஞ்சா மொதல்ல நிறுத்துற சம்பளம் அவங்களோடது தான், நான் அந்த நோட்டை எழுதியிருக்கேன்.

ஹாங்காங்ல இதே கதை நடந்துச்சு. கட்டுற தொகை மேல வரி வச்சிருந்தாங்க, திருட்டு புக்கிக்கு கூட்டம் போயிடுச்சு, 2006ல வரியை மாத்தி ஜெயிச்சவங்களுக்கு குடுத்தது போக மிஞ்சுறது மேல வச்சாங்க. சதவீதம் 72.5லேருந்து தொடங்கும், கேக்க பயமா இருக்கும், ஆனா கட்டுறவனுக்கு நல்ல விலை கிடைச்சதால கூட்டம் திரும்பி வந்துச்சு. இங்கிலாந்தும் 2001ல கட்டுறவங்ககிட்ட ஒன்பது சதவீதம் பிடிச்சதை எடுத்துட்டு புக்கியோட லாபத்து மேல 15 சதவீதம் வச்சாங்க. நம்ம ஊர்லயும் வரி வேணாம்னு நான் சொல்லல, கமிஷன் மேல எவ்ளோ வேணா வைக்கட்டும்.

பாம்பன்லேருந்து: அப்ப பேசாம புக்கியே இல்லாம டோட் மட்டும் வச்சுட்டா?

ஹாங்காங், ஃபிரான்ஸ் ரெண்டுலயும் குதிரை ரேஸுக்கு பெரும்பாலும் அப்படித் தான், காசு நல்லாவே திரும்பி வருது. ஆனா அங்க ரொம்ப காலமா ஜனங்களுக்கு அது பழக்கம். நம்ம ஊர்ல புக்கியை உள்ளேருந்து வெளிய அனுப்புனா அவர் தொழிலை விட மாட்டாரு, வெளிய போய் அதையே பண்ணுவாரு. எனக்கு இதுல உடன்பாடு இல்ல.

பனைக்குளம், சிங்கப்பூர்ல வேலை பாக்குறவர்: இங்க கிராஞ்சி ரேஸ் கோர்ஸையே மூடிட்டாங்க. அதுவும் புக்கி பிரச்சனையா?

அது முழுசா வேற. 1842ல தொடங்குன கிளப், கடைசி ரேஸ் 2024 அக்டோபர் 5. அரசாங்கத்துக்கு வீடு கட்ட நிலம் வேணும், மைதானத்துக்கு வர்ற கூட்டமும் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. மக்காவ்லயும் அதே வருஷம் மூடிட்டாங்க.

அழகன்குளத்துலேருந்து: கிண்டி என்ன ஆச்சு?

நிலம் சுமார் 160 ஏக்கர், 1946ல 99 வருஷக் குத்தகை. வாடகை பாக்கி 730 கோடின்னு சொல்லி அரசாங்கம் 2024 செப்டம்பர்ல குத்தகையை ரத்து பண்ணி சீல் வச்சாங்க, அதுக்கு முன்னாடி ஜூன்ல ஊட்டி மைதானத்தையும் எடுத்துக்கிட்டாங்க, ரெண்டும் கோர்ட்டுக்குப் போச்சு. இது புதுசும் இல்ல, 1974லயே ரேஸை ஒழிக்க சட்டம் போட்டாங்க, 1986ல கிளப்பை எடுத்துக்க இன்னொரு சட்டம், 1996ல சுப்ரீம் கோர்ட் குதிரை ரேஸ் திறமை சம்பந்தப்பட்டது, வெறும் சூதாட்டம் இல்லன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அரசாங்கத்து நிலத்துக்கு நியாயமான வாடகை குடுக்கணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ஆனா வரும்படி வெளிய ஓடிக்கிட்டிருக்கிற கிளப்பால எதை வச்சு குடுக்க முடியும்ங்கிறதையும் சேர்த்துப் பாக்கணும்.

சாயல்குடியிலேருந்து: எங்க பக்கம் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம், குதிரைவண்டிப் பந்தயம் எல்லாம் திருவிழாவுக்கு திருவிழா நடக்குது, பரிசை ஊர்க்காரங்க நன்கொடையில குடுத்துடுறோம். அது மாதிரி ஏன் முடியாது?

மாமா, உங்க பந்தயம் ரோட்டுல ஒரு காலையில முடிஞ்சுடும், மாடு வீட்டுக்குப் போய் வீட்டு மாடா நிக்கும். ரேஸ் குதிரை ஓடுறதுக்காக மட்டுமே வருஷம் பூரா வளக்குறது, அதுக்கு ட்ரெயினர், சைஸ், டாக்டர், லாடம் அடிக்கிறவர், புல் தரை, மருந்து சோதனை, ரேஸ் விதிப்படி நடக்குதான்னு பாக்குற ஸ்டூவர்ட்ஸ்னு ஒரு பட்டாளமே மாசச் சம்பளத்துல இருக்கு. நன்கொடை அதுக்கு எட்டாது. ஆனா உங்க பந்தயத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஜெயிச்ச சாரதிக்கும் மேடையிலயே பரிசும் மரியாதையும் தர்றீங்க.

மண்டபத்துலேருந்து ஒரு தங்கச்சி: அண்ணே, எங்க வீட்டுக்காரர் போன்ல ஏதோ லிங்க் வச்சுக்கிட்டு வெளிநாட்டுக் குதிரைக்கெல்லாம் கட்டுறாரு. கடலுக்குப் போய் வந்த காசு அதுலயே போகுது. சட்டப்படி சரியா?

சரியில்லம்மா. 2025 ஆகஸ்ட்ல ஆன்லைன்ல காசு வச்சு ஆடுறதை தடை பண்ணி மத்திய அரசு சட்டமே போட்டாச்சு. அந்த லிங்க்ல லைசென்ஸ் கிடையாது, ரசீது கிடையாது, ஜெயிச்ச காசை குடுக்கலேன்னா கேக்க ஆள் கிடையாது. தோத்ததை பிடிக்கிறேன்னு தான் எல்லாரும் மேல மேல கட்டுறாங்க, அது திரும்பாது. மொதல்ல படகுக் கணக்குப் பணம் நேரா உங்க பேங்க் அக்கவுன்ட்டுக்கு வர மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, வட்டிக்கு ஏதாவது வாங்கியிருக்காரான்னு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க, அவர் மதிக்கிற பெரியவர் ஒருத்தரை விட்டுப் பேசச் சொல்லுங்க. விட முடியலேன்னா ராமநாதபுரம் ஜிஎச்ல மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, இது வியாதி தான், வெக்கப்பட ஒண்ணும் இல்ல. ரேஸை இவ்ளோ நேசிக்கிற நானே சொல்றேன், உங்க வீட்டு அரிசிக் காசு எந்தக் குதிரை மேலயும் போகக் கூடாது.

திருப்பாலைக்குடியிலேருந்து ஒரு பையன்: எனக்கு குதிரைன்னா உசுரு. லாயத்து வேலைக்கு வெளிநாடு போகலாமா அண்ணே?

போகலாம் தம்பி, வளைகுடா நாட்டு லாயங்கள்ல நம்ம நாட்டு ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, குதிரை ஏறி ஓட்டத் தெரிஞ்சவங்களை அயர்லாந்து, இங்கிலாந்துலயும் எடுக்குறாங்க. மொதல்ல இங்க பெங்களூரு, புனே மாதிரி ஊர்ல ஒரு லாயத்துல சேந்து கை பழகிக்கோ. ஏஜென்ட் மத்திய அரசோட இ-மைக்ரேட்ல பதிவு பண்ணவரான்னு பாரு, சம்பளம், லீவு, குதிரை உதைச்சா வைத்தியச் செலவு யாரோடது, இந்த மூணும் ஒப்பந்தத்துல எழுத்துல இருக்கணும். இல்லேன்னா கையெழுத்து போடாத.