டைம்லாப்ஸ் பழகுகிறவர்கள் கேட்டவை

பன்னிரண்டு வருடமாக வார இறுதிகளில் டைம்லாப்ஸ் எடுத்து வருகிறேன். சில நொடி இடைவெளி விட்டு ஒவ்வொரு படமாக எடுத்து, சேர்த்து வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோதான் அது. குறும்படம் எடுக்கும் நண்பர்களும் இப்போதுதான் தொடங்கியிருக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சேலம், கல்லூரி மாணவர்: அண்ணா, ஐபோனில் டைம்லாப்ஸ் வைத்து இருபது நிமிடம் எடுத்தாலும் அரை நிமிடம் போலத்தான் வருகிறது, ஒரு மணி நேரம் எடுத்தாலும் அதேதான். போன் பழுதா?

பழுது இல்லை தம்பி, அந்த ஆப் வேலை செய்யும் விதமே அதுதான். முதலில் நொடிக்கு 2 படம் எடுக்கும். பத்து நிமிடம் தாண்டினால் எடுத்ததில் பாதியைக் கழித்துவிட்டு நொடிக்கு ஒன்று என்று மாறிக்கொள்ளும். இருபது நிமிடம் தாண்டினால் 2 நொடிக்கு ஒன்று. அதனால் பத்து நிமிடத்துக்கு மேல் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் கடைசியில் 20 முதல் 40 நொடிக்குள் நிற்கும். இடைவெளி உங்கள் கையில் இருக்க வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள வேறு ஆப் வேண்டும். ஆண்ட்ராய்டில் ஓபன் கேமரா என்ற இலவச ஆப்பில் இத்தனை நொடிக்கு ஒரு படம் என்று நாமே சொல்லலாம். இதைச் சீக்கிரம் செய்யுங்கள். இடைவெளியை நாமே முடிவு செய்யும்போதுதான் டைம்லாப்ஸ் கற்கத் தொடங்குகிறோம்.

கோயம்புத்தூர், ஐடி ஊழியர்: எத்தனை நொடிக்கு ஒரு படம் எடுப்பது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். படத்தில் இந்தக் காட்சி எத்தனை நொடி ஓட வேண்டும்? 10 நொடி என்று வையுங்கள். நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 படம், ஓடும் என்றால் 250 படம் தேவை. மேகத்துக்கு 4 நொடி இடைவெளி வைத்தால் 1,000 நொடி, அதாவது 16 நிமிடம் 40 நொடி அங்கே நிற்க வேண்டும்.

அப்படியானால் அந்த 4 எங்கிருந்து வந்தது? காற்று அடித்து மேகம் ஓடும் நாளில் 2 நொடி போதும். மந்தமான நாளில் 8 அல்லது 10. கடைவீதிக் கூட்டத்துக்கு 1 நொடி. அதற்கு மேல் போனால் ஆட்கள் நடக்கமாட்டார்கள், தோன்றி மறைவார்கள். கோபுரத்தின் நிழல் பிரகாரத்தில் நகர்வதற்கு 30 நொடி தாராளம். மூன்று மணி நேரம் எடுத்தால் 360 படம், 14 நொடிக் காட்சி.

நான் செய்வதைச் சொல்கிறேன். கேமராவைத் தொடுவதற்கு முன் நகரும் பொருளை ஒரு இடத்தில் குறித்துக்கொள்வேன். ஒரு மேகம் மின்கம்பத்தைத் தொடுகிறது, பிரேமின் அடுத்த ஓரத்துக்குப் போய்ச் சேர 6 நிமிடம் ஆகிறது. திரையில் அது 5 நொடியில் கடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் 125 படம். 360 நொடியை 125 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 நொடி. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் எந்தப் பட்டியலும் வேண்டாம். சந்தேகம் வந்தால் குறைந்த இடைவெளியில் எடுங்கள். வேகம் போதாவிட்டால் எடிட்டிங்கில் ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கலாம். எடுக்காத பிரேமை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

திருச்சி: வீடியோ முழுக்க மினுக் மினுக் என்று வெளிச்சம் கூடிக் குறைகிறது. எப்படி நிறுத்துவது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, ஆட்டோ. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தானாக வெளிச்சத்தையும் நிறத்தையும் கணித்தால், ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் குறுக்கே போனாலே அளவு மாறிவிடும். மேனுவல் மோடுக்குப் போய் ஷட்டர் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) மூன்றையும் பூட்டுங்கள். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை வெயில் என்றோ மேகமூட்டம் என்றோ நிறுத்துங்கள். ஃபோகஸும் மேனுவல். முதல் வருடம் கொடைக்கானலில் ஒன்றரை மணி நேரம் நின்று எடுத்த ஒரு பள்ளத்தாக்குக் காட்சியில், பாதியில் ஃபோகஸ் பனிமூட்டத்தைத் தேடிப் போய்விட்டது. அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியவில்லை.

இரண்டாவது, எல்லாவற்றையும் பூட்டிய பிறகும் வரும் மினுக்கல். லென்ஸின் அபெர்ச்சர் இதழ்கள் ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கின்றன. ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசத்தில்தான் மூடும். கண்ணுக்கு அது தெரியாது, 25 படம் ஒரு நொடியில் ஓடும்போது தெரியும். முழுக்கத் திறந்த அபெர்ச்சரில் எடுத்தால் இதழ்கள் அசையவே வேண்டியதில்லை, பிரச்சினையும் இல்லை. அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸ் ஒன்றை அடாப்டர் போட்டு மாட்டினாலும் சரி. வைத்த இடத்திலேயே நிற்கும்.

மூன்றாவது, விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100, 1/50, 1/25 என்று வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழுத் துடிப்புகள் பதியும். 1/60 வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

சென்னை, குறும்பட இயக்குநர்: அண்ணா சாலையை மேம்பாலத்திலிருந்து பகலில் எடுத்தேன். வண்டிகள் வெட்டி வெட்டிக் குதிக்கின்றன.

ஷட்டர் வேகம் மிக அதிகம் சார். 1/500 நொடியில் எடுத்த படத்தில் பஸ் சிலை மாதிரி நிற்கும். அடுத்த படத்தில் வேறு இடத்தில் இன்னொரு சிலை. இடைவெளியில் ஏறக்குறைய பாதி நேரம் ஷட்டர் திறந்திருக்கட்டும். அப்போது வண்டியின் கோடு நீண்டு அடுத்த படத்தோடு சேரும். பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 5.6 என்றால் ஷட்டர் 1/800 பக்கம் இருக்கும். அதை ஒரு நொடிக்குச் சற்று மேலே கொண்டுபோக 1,000 மடங்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். இடைவெளி 3 நொடி. ஃபில்டரை மாட்டும் முன் ஃபோகஸ் செய்துவிடுங்கள், மாட்டிய பின் திரையில் ஒன்றும் தெரியாது. ஃபில்டர் வாங்க முடியாவிட்டால் மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள், விளக்குகளும் வந்துவிடும்.

நாகர்கோவில்: சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் எடுக்க ஆசை. வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்குமே, மேனுவலில் எப்படி?

நல்ல ஆசை. ஒரே நேரத்தில் மேற்கிலும் கிழக்கிலும் நடப்பதால் இரண்டு கேமரா வேண்டும். ஒன்றுதான் இருக்கிறதென்றால் இந்த வருடம் நிலாவை எடுங்கள், அடுத்த வருடம் சூரியனை.

பகலிலிருந்து இரவுக்குப் போகும் காட்சிதான் டைம்லாப்ஸில் கடினமானது. மேனுவலில் தொடங்கி, படம் இருட்டத் தொடங்கும்போது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). மறுபடி இருட்டினால் மறுபடி கூட்டுங்கள். ஷட்டர் இடைவெளியை நெருங்கியதும் ஐஎஸ்ஓவுக்கு மாறுங்கள். இந்தப் படிகள் வீடியோவில் குதிப்பாகத் தெரியும். எல்ஆர்டைம்லாப்ஸ் போன்ற மென்பொருள் அவற்றை வழுவழுப்பாக்கும், ஆனால் ராவில், அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக, எடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. இதைச் சொல்லித்தரும் வீடியோக்களில் பல ஐரோப்பாவில் எடுத்தவை. அங்கே சூரியன் சாய்வாக இறங்கும், அந்தி நீளும். கன்னியாகுமரி 8 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும், மறைந்து இருபது சொச்ச நிமிடத்தில் இருட்டு கவிந்துவிடும். அவர்கள் மாற்றுவதைவிட நீங்கள் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். தள்ளிப்போடாமல் கூடவே நில்லுங்கள். டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகவே காட்டும் கேமரா) என்றால் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

தேனி: பால்வெளியை எடுக்க எந்த மாதம்? கேமராவோடு வந்த 18 மிமீ கிட் லென்ஸ்தான் இருக்கிறது.

போதும். பால்வெளியின் அடர்ந்த பகுதி தனுசு, விருச்சிகம் பக்கம் இருக்கிறது. மார்ச்சில் நள்ளிரவுக்குப் பின் தென்கிழக்கில் எழும், மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கே எழத் தொடங்கும். ஜூன் வந்தால் உங்கள் பக்கத்து மலைகளைத் தென்மேற்குப் பருவமழை மூடிவிடும். அதனால் மார்ச் முதல் மே வரை, அமாவாசையை ஒட்டிய நாட்கள்.

500-ஐ லென்ஸின் மிமீயால் வகுத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை நொடி திறந்து வைக்கலாம் என்று வரும். உங்கள் கேமராவில் படம் பதியும் சென்சார் சிறியது என்றால் 18-ஐ 1.5 ஆல் பெருக்கி, வரும் 27 ஆல் வகுங்கள். விடை 18 சொச்சம். நான் 15-க்கு மேல் போகமாட்டேன். அபெர்ச்சர் முழுத் திறப்பு, ஐஎஸ்ஓ 3200, இடைவெளி 18 நொடி. 250 படத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். மலையில் பின்னிரவில் லென்ஸில் பனி படியும், அரை மணிக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். அடிக்கும்போது கேமராவுக்குப் பின்னால் நின்று அடியுங்கள்.

விழுப்புரம், அறிவியல் ஆசிரியை: மாணவர்களுக்குச் செடி வளர்வதைக் காட்ட வேண்டும். பள்ளியில் பழைய போன் ஒன்று இருக்கிறது.

டீச்சர், இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லைப்சிக்கில் இதே முறையில்தான் செடிகளின் அசைவைப் படம்பிடித்து மாணவர்களுக்குக் காட்டினார்.

பச்சைப்பயறில் தொடங்குங்கள். ஊறவைத்த பயறை ஈரத்துணி மேல், கண்ணாடிக் கிண்ணத்தின் ஓரத்தில் வையுங்கள். மூன்று நாள், 10 நிமிடத்துக்கு ஒரு படம்: 432 படம், 17 நொடி. ஜன்னலை மூடிவிட்டு ஒரே ஒரு எல்ஈடி விளக்கை மூன்று நாளும் அணைக்காமல் வையுங்கள்; இல்லாவிட்டால் இரவும் பகலும் மாறி மாறி வெட்டும். போன் சார்ஜரிலேயே இருக்கட்டும், சுவிட்சின் மேல் "அணைக்காதே" என்று எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் தெளிப்பவர் கிண்ணத்தை ஒரு நூல்கூட நகர்த்தக் கூடாது. பிள்ளைகளில் ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். யார் வீட்டிலாவது நிஷாகந்தி மொட்டு விட்டால் தவறவிடாதீர்கள். ஒரே இரவில், சில மணி நேரத்தில் மலர்ந்துவிடும். 40 நொடி இடைவெளி போதும்.

தஞ்சாவூர்: பெரிய கோவிலில் ட்ரைபாட் வைக்கலாமா?

அது தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, ட்ரைபாடுக்கு முன்அனுமதி வேண்டும். எழுதிக் கேளுங்கள்.

மதுரை: எந்தக் கேமரா வாங்குவது? எடிட்டிங்குக்கு என்ன?

கேமராவில் பணம் போடாதீர்கள். பழைய டிஎஸ்எல்ஆரும், சொன்ன இடைவெளியில் தானாகப் படம் எடுக்கவைக்கும் ஒரு டைமர் ரிமோட்டும் போதும். மிச்சத்தில் கனமான ட்ரைபாட் வாங்கி, நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், காற்றில் அது அடித்தே படம் ஆடும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, வரிசையான படங்களை ஒரே கிளிப்பாக எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் படம் 6,000 பிக்சல் அகலம், 4கே வீடியோவுக்கு 3,840 போதும். மீதியுள்ள இடத்தில் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தினால் கேமராவைத் தண்டவாளம் போல நகர்த்தும் ஸ்லைடர் வைத்து எடுத்ததுபோல இருக்கும்.

தூத்துக்குடி: மூன்று மாதமாக எடுக்கிறேன் அண்ணா. எல்லாம் சுத்தமாக வருகிறது, ஆனால் எல்லாமே மேகம். எனக்கே சலிப்பாக இருக்கிறது.

மேகம் எல்லா ஊரிலும் ஓடும் தம்பி. உங்கள் ஊரில் மட்டும் என்ன மாறுகிறது என்று பாருங்கள். உங்களிடம் உப்பளம் இருக்கிறது! மழைக்காலம் முடிந்து பாத்தி கட்டத் தொடங்கும்போது போங்கள். முதல் நாள் கேமரா வேண்டாம், உரிமையாளரிடமும் அங்கே வேலை செய்கிறவர்களிடமும் பேசி அனுமதி வாங்குங்கள். எத்தனை மணிக்கு வருகிறார்கள், உப்பை எந்தப் பக்கம் வாருகிறார்கள், குவியல் எங்கே எழும், நிழல் எங்கே விழும் என்று பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டாம் நாள் விடிவதற்கு முன் ட்ரைபாடைப் போட்டு 2 நொடி இடைவெளி. பிரேமில் ஆடாத ஒன்று, ஒரு கொட்டகையோ மரமோ, கட்டாயம் இருக்கட்டும். அது அசையாமல் நின்றால்தான் மற்றதெல்லாம் ஓடுவது தெரியும்.

அப்புறம் வீட்டில் இதையும் செய்யுங்கள். கறுப்புத் தட்டில், இனிக் கரையாது என்ற அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரை மெல்லிசாக ஊற்றுங்கள். மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ், நிலையான விளக்கு, 30 நொடி இடைவெளி, ஓர் இரவு. மின்விசிறியை அணைத்துவிடுங்கள், தண்ணீர் நடுங்கும். விளிம்பிலிருந்து உப்புப் படிகங்கள் சதுரம் சதுரமாக வளர்ந்து வருவதைப் பார்ப்பீர்கள். உப்பளக் காட்சியையும் இதையும் அடுத்தடுத்து ஒட்டி எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.