நடுவில் 5, 10, 15 என்று ஓடும் எண்கள்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். தலோஜாவில் சின்ன அளவில் சால்வென்ட் வியாபாரம். மெத்தனாலிலிருந்து பெட்ரோல் போன்ற ஹைட்ரோகார்பன் எடுக்கும் முறை பற்றிய ‘ஆராய்ச்சித் தொகுப்பை’ பென்டிரைவில் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். விலை 25,000 ரூபாய். 100 லிட்டர் மெத்தனாலுக்கு 80 லிட்டர் பெட்ரோல் கிடைக்குமாம். முன்பணம் 5,000 கொடுத்துவிட்டேன். மாதிரிக்கு வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு பக்கங்களை இணைத்திருக்கிறேன். இதெல்லாம் இலவசமாகக் கிடைக்குமா? முன்பணம் திரும்புமா? அக்கா மகள் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்ஸி வேதியியல் படிக்கிறாள். அவளால் உதவ முடியுமா?

பதில்: மீதி 20,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் நெடுக்காக, பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு பத்திகளாகப் பிரிந்திருக்கிறது. பத்திகளுக்கு நடுவில் 5, 10, 15 என்று வரி எண்கள் இறங்குகின்றன. இது பழைய அமெரிக்கக் காப்புரிமை ஆவணங்களின் அச்சு. அந்த ஆவணங்களில் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் காப்புரிமை எண் இருக்கும். உங்களுக்கு வந்த படத்தில் அந்த மேல் விளிம்பு மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. எண் தெரிந்துவிட்டால் முழு ஆவணத்தையும் நீங்களே இரண்டு நிமிடத்தில் இறக்கிக்கொள்வீர்கள் அல்லவா? உலகத்துக்கே திறந்து வைத்திருக்கும் ஒன்றை மறைத்து விற்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

அந்த 80 லிட்டர் கணக்கும் தவறு. மெத்தனால் மாறும்போது அதிலிருந்து நீர் பிரிகிறது. 32 கிராம் மெத்தனாலில் 18 கிராம் நீராகப் போய்விடும், மிஞ்சுவது 14 கிராம் ஹைட்ரோகார்பன். 100 லிட்டர் மெத்தனால் ஏறக்குறைய 79 கிலோ. அதில் ஹைட்ரோகார்பன் 35 கிலோவுக்குள்தான். அத்தனையும் பெட்ரோலாகவே மாறினாலும் 47 லிட்டரைத் தாண்டாது. உண்மையில் ஒரு பகுதி சமையல் வாயு போன்ற லேசான வாயுவாகப் போய்விடும் என்பதால் அதுவும் வராது. 80 லிட்டர் என்று சொல்பவருக்குப் பாடம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

சரி, எங்கே தேடுவது? முதலில் காப்புரிமைகள். இந்தத் துறைக்கு அதுதான் தங்கச் சுரங்கம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் இரண்டும் இலவசம். இந்தியக் காப்புரிமைகளுக்கு நம் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடல் இருக்கிறது. யுஎஸ் 3702886 என்று போட்டுப் பாருங்கள். மொபில் நிறுவனத்தார் 1972-ல் பெற்ற காப்புரிமை அது. இந்த வேலைக்குப் பேர்போன இசட்.எஸ்.எம்-5 என்ற ஸியோலைட் (நுண்துளைகள் நிறைந்த படிகப் பொருள்) வினையூக்கியைப் பற்றியது, எப்போதோ காலாவதியாகிவிட்டது. காப்புரிமையை முதல் பக்கத்திலிருந்து படித்தால் தலை சுற்றும். நேராக ‘எடுத்துக்காட்டு’ என்ற பகுதிக்குப் போங்கள். என்ன வெப்பநிலை, எவ்வளவு வேகத்தில் செலுத்தினார்கள், என்னென்ன எத்தனை சதவீதம் வந்தது என்ற அட்டவணை எல்லாம் அங்கேதான். அப்புறம், அந்தக் காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அதன் சட்ட நிலையையும் பார்த்துவிடுங்கள். படிக்க எல்லாமே இலவசம், தொழிலில் பயன்படுத்தக் காலாவதியானதுதான் பத்திரம்.

அடுத்து, அமெரிக்க எரிசக்தித் துறையின் ஓஸ்டி என்ற இணையக் களஞ்சியம். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அரசுப் பணத்தில் நடந்த ஆய்வுகளின் அறிக்கைகள் முழுதாகவே அங்கே கிடக்கின்றன. 1980-களில் ஜெர்மனியின் வெஸ்ஸலிங்கில் நாளொன்றுக்கு 100 பீப்பாய் அளவில் ஓட்டிப் பார்த்த சோதனை ஆலையையும் அங்கே தேடுங்கள். உங்கள் மாதிரித் தொழில் செய்பவர்களுக்கு ஆய்வுக் கட்டுரையைவிட இத்தகைய அறிக்கைதான் பயன்படும். எது அடைத்துக்கொண்டது, எது தேய்ந்தது என்பதைக் கட்டுரைகளில் அவ்வளவாக எழுத மாட்டார்கள்.

அக்கா மகள் நிச்சயம் உதவலாம். 2025 ஜனவரியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. கல்லூரி நூலகரிடம் அவள் கேட்கட்டும். 1977-ல் சாங், சில்வெஸ்ட்ரி இருவரும் ‘ஜர்னல் ஆஃப் கேட்டலிசிஸ்’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து அவள் தொடங்கலாம். மெத்தனால் முதலில் டைமெத்தில் ஈதராகி, பிறகு ஒலிஃபீன்களாகி (எத்திலீன் போன்றவை), அதன்பின் பெட்ரோல் வகைச் சேர்மங்களாகும் வரிசை அதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தா படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் கொடுத்தது. அவளோடு உட்கார்ந்து புரிந்துகொள்ளுங்கள், கோப்புகளை வாங்கித் தொழிலுக்கு அடுக்கி வைக்காதீர்கள். நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’வில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. அவற்றின் தொடக்க அத்தியாயங்களில் அதுவரை நடந்த ஆய்வுகளை யாராவது உங்களுக்காகத் தொகுத்து வைத்திருப்பார்கள். காசு கேட்கும் கட்டுரைக்கு ‘அன்பேவால்’ என்ற இலவச உலாவி நீட்சியைப் போட்டுப் பாருங்கள், சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் காட்டிவிடும்.

தேடும்போது எம்.டி.ஜி (மெத்தனாலிலிருந்து பெட்ரோல் எடுப்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மட்டும் போட்டால் சம்பந்தமில்லாதவை வந்து குவியும். கூடவே ஸியோலைட் என்றும் சேருங்கள். ஒலிஃபீன் பக்கம் போக வேண்டுமென்றால் எம்.டி.ஓ (மெத்தனாலிலிருந்து ஒலிஃபீன்), அதற்கான வினையூக்கியான சாப்போ-34 என்று தேடலாம்.

ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். நியூசிலாந்தின் மோட்டுனுயியில் இதே முறையில் நாளுக்கு 14,500 பீப்பாய் பெட்ரோல் தயாரித்தார்கள். பின்னாளில் அதை நிறுத்திவிட்டு மெத்தனாலாகவே விற்றார்கள். மெத்தனால் விலையையும் பெட்ரோல் விலையையும் வைத்து, அந்த 47 லிட்டர் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். படித்ததைக் கொட்டகையில் செய்து பார்க்கவும் வேண்டாம். 350 டிகிரிக்கு மேல் சூடேற்றும் வேலை இது, மெத்தனாலோ தீப்பிடிக்கும், உயிரையும் எடுக்கும். 2015-ல் நம் மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதை மும்பைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முன்பணத்துக்கு வருவோம். 80 லிட்டர் என்று அவர் எழுதிய வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய ரசீது, அந்த இரண்டு பக்கங்கள் எல்லாவற்றையும் இன்றே வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். பிறகு, பொய்யான வாக்குறுதியின் பேரில் வாங்கிய 5,000 ரூபாயை 15 நாளில் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019 சட்டத்தில் விலக்கு உண்டு. உங்கள் கடை நீங்களே நின்று நடத்தும் கடை என்றால், புகாரின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள்.