வாரண்டி முடிந்துவிட்டது, கோளாறு முன்பே தொடங்கிவிட்டது

கேள்வி: 2022-ல் சென்னையில் 11.40 லட்சத்துக்கு ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். வாரண்டி 3 ஆண்டு. கியர் மாறும்போது வண்டி வெட்டுகிறது என்று வாரண்டிக்குள்ளேயே இரண்டு முறை சொன்னேன். சாஃப்ட்வேர் அப்டேட் செய்து அனுப்பிவிட்டார்கள். வாரண்டி முடிந்த ஐந்தாவது மாதம் வண்டி நடுரோட்டில் நின்றது. கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டை மாற்ற 1.85 லட்சம் கேட்கிறார்கள். வழக்குப் போடலாமா?
– வாசகர், கரூர்

பதில்: போடலாம். ஆனால் புது கார் கேட்டுப் போகாதீர்கள். மூன்று வருடம் ஓட்டிய வண்டிக்கு அது கிடைப்பது அபூர்வம். ரிப்பேர் செலவும் இழப்பீடும் கேளுங்கள்.

உங்கள் பலமே அந்த இரண்டு முறையும் சர்வீஸ் சென்டரில் குறையை எழுதிக் கையெழுத்து வாங்கிய ஜாப் கார்டுகள்தான். அதில் வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற இடத்தில் ‘2-லிருந்து 3-க்கு மாறும்போது வெட்டுகிறது’ என்று, தேதியும் கிலோமீட்டரும் சேர்த்து எழுதியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வெறும் ‘ஜெனரல் செக்-அப்’ என்று எழுதியிருந்தால் கஷ்டம். சர்வீஸ் அட்வைசர்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுவது நம் பழக்கம். அப்படி இருந்தால் அப்போது அனுப்பிய வாட்ஸ்அப், மெயில் எதுவானாலும் தேடி எடுங்கள்.

உற்பத்திக் குறை என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. அதனால் கழற்றிய பழைய யூனிட்டை அப்புறப்படுத்தக் கூடாது என்று இன்றே மெயில் அனுப்புங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38-ன்படி நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பலாம். பொருளே இல்லையென்றால் எதைச் சோதிப்பது? வண்டி அவசரமாக வேண்டுமென்றால், ஆட்சேபத்துடன் செலுத்துவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

முதலில் தயாரிப்பு நிறுவனம், டீலர் இருவருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் சரியில்லையென்றால் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் பழியைப் போடுவார். வாங்கியது சென்னை என்றாலும் நீங்கள் குடியிருக்கும் கரூர் மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யலாம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அதுதான் இடம். உங்கள் விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். கால வரம்பு இரண்டு ஆண்டு. எந்தத் தேதியிலிருந்து என்பதில் எதிர்தரப்பு சண்டை போடும், ஆகவே தாமதிக்க வேண்டாம்.

அப்புறம், நீங்கள் வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியிருந்து, அதைக் காட்டி மறுத்தால் பயப்படாதீர்கள். அந்த ஆயில் மாற்றத்துக்கும் கியர்பாக்ஸ் கோளாறுக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? கம்பெனி பெயரில், வியாபாரத்துக்காக வாங்கியது என்றால் ‘நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று முதல் ஆட்சேபம் வரும். அப்படியானால் மனு எழுதும் முன் என்னிடம் சொல்லுங்கள்.