பெங்களூரில் சட்டமன்றத் தேர்தலில் மூன்றாவது கட்சிக்கு ஓட்டுப் போட்டால் வீண்தானா? அப்படி ஒரு வேட்பாளருக்காக வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இருக்கிறேன். 2023 மே மாதம் கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலில், கண்டோன்மென்ட் பக்கத்துத் தொகுதி ஒன்றில் காங்கிரஸ், பாஜக, ஜனதா தளம் மூன்றுக்கும் வெளியே நின்ற ஒரு சிறிய கட்சி வேட்பாளருக்காகத் தெருத் தெருவாக அலைந்தவர்களில் நானும் ஒருவன். கட்சியின் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். வக்கீல். நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஸ்லம் போர்டு (குடிசைப் பகுதி வாரியம்) வீடுகளில் ஹக்கு பத்திரத்துக்காக, அதாவது வீட்டு உரிமைப் பத்திரத்துக்காக, வருஷக்கணக்கில் அலைந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தே அந்தத் தெருக்களில் பழக்கமானவர். சஸ்பென்ஸ் வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டெபாசிட் போச்சு.

வீணா என்றால், ஓட்டு வீண் இல்லை. ஆனால் மூன்றாவது கட்சி நிற்க வேண்டிய முதல் இடம் சட்டமன்றம் இல்லை. அந்த முதல் இடம் பெங்களூரில் அப்போது பூட்டிக் கிடந்தது. அதுதான் விஷயம். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் அங்கே வர முடியும்.

தேர்தலில் நிற்பது என்றால் மேடை, மைக், மாலை என்று நினைத்திருந்தேன். அதற்கு முன்னால் பேப்பர் வேலையே பாதி உயிரை வாங்கிவிடும். அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும். பதிவு மட்டும் செய்த கட்சிக்கும் சுயேச்சைக்கும் அதே தொகுதியில் ஓட்டு உள்ள 10 பேர் வேண்டும். 10 பேரா, ஒரு டீக்கடையில் கிடைப்பார்களே என்பீர்கள். ஒவ்வொருவரின் பாகம் எண், வரிசை எண் எல்லாம் வாக்காளர் பட்டியலோடு பொருந்த வேண்டும். எங்கள் தெருவின் ஒரு பக்கம் ஒரு தொகுதி, எதிர்ப்பக்கம் வேறு தொகுதி. அக்காவுக்காக உயிரையே கொடுப்பேன் என்று நின்ற இட்லிக்கடை அண்ணன் எதிர்ப்பக்கம். அவரால் இட்லிதான் கொடுக்க முடிந்தது. இன்னும் சிலர், "நம்ம பேரு பேப்பர்ல வரும்ல, நாளைக்கு எம்எல்ஏ ஆபீஸ்ல ஒரு வேலைன்னா போக முடியாதே" என்று நழுவினார்கள். இந்தப் பயத்தை அப்போது நான் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்ப வரும். செலவுக்கு உச்சவரம்பு 40 லட்சம். அதற்கென்று தனி பேங்க் கணக்கு, தினசரிச் செலவுப் பதிவேடு எல்லாம் வேண்டும். தோற்றவரும் முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுத்தாக வேண்டும். சரியான காரணம் இல்லாமல் விட்டால் 3 வருஷம் தேர்தலில் நிற்கத் தடை வரலாம். எங்கள் பதிவேட்டில் பெரும்பாலும் ஜெராக்ஸ், டீ, ஆட்டோ வாடகை.

அப்புறம் சின்னம். விரல் விட்டு எண்ணும் இடங்களில் மட்டும் நிற்கிற எங்களைப் போன்ற கட்சிக்கு நிரந்தரச் சின்னம் கிடையாது. ஏப்ரல் 24 வாபஸ் வாங்கும் கடைசி நாள். அது முடிந்த பிறகுதான் சின்னம் கைக்கு வரும். மே 8 மாலையோடு பிரச்சாரம் ஓய்ந்துவிடும். கை, தாமரை எல்லாம் ஊருக்குத் தாத்தா காலத்துப் பழக்கம். எங்களுக்கு இரண்டே வாரம். எங்களுக்குக் கிடைத்தது தையல் மெஷின். நோட்டீஸ் அடித்துக்கொண்டு லைன் வீடுகளுக்குப் போனால், ஒரு பாட்டி படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு அக்காவிடமே கேட்டார்: "மெஷின் இப்போவே குடுப்பியா கண்ணு, ஜெயிச்சப்புறமா?" பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கட்சியிடம் ஏற்கெனவே குக்கர் வாங்கியிருந்தார், அதனால் கேள்வியில் தப்பே இல்லை. அக்கா உட்கார்ந்து, இது சின்னம் மட்டும்தான் என்று விளக்கினார். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கால்ல மிதிக்கிற மெஷின் வேணாம், மோட்டார் வச்சதா குடு" என்றார்.

ஓட்டு மெஷினில் பெயர் வருகிற வரிசையும் அப்படித்தான். முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அடுத்து பதிவு மட்டும் செய்தவை, கடைசியில் சுயேச்சைகள். "மேலேயிருந்து எத்தனாவதும்மா?" என்று கேட்டால் தெளிவாக ஒரு நம்பர் சொல்ல வேண்டும். எங்கள் பிரச்சாரமே கடைசியில் அந்த நம்பரும் தையல் மெஷினும்தான். கொள்கையெல்லாம் நோட்டீஸின் பின்பக்கம்.

சரி, ஜனங்கள் என்ன கேட்டார்கள்? சட்டமன்றத்தில் என்ன பேசுவாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மோரி (சாக்கடை) அடைத்துக்கொண்டது, குப்பை வண்டி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, காவேரித் தண்ணீர் ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறது, விதவைப் பென்ஷன் நின்றுபோச்சு. இதில் எம்எல்ஏ நேரடியாகச் செய்ய வேண்டியது எது? பெரும்பாலும் வார்டு கவுன்சிலர் பார்க்க வேண்டியது. ஆனால் அப்போது கவுன்சிலரே கிடையாது. அதற்கு முன் பெங்களூர் மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்கப்புறம் அதிகாரி ஆட்சிதான். வார்டு எண்ணிக்கை, இடஒதுக்கீடு, கோர்ட் என்று இழுத்துக்கொண்டே போய், 2023 தேர்தல் வரும்போதும் வார்டில் ஆள் இல்லை.

இதனால் என்ன ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள். எம்எல்ஏதான் கவுன்சிலர், எம்எல்ஏ ஆபீஸ்தான் வார்டு ஆபீஸ். மோரிக்கும் அங்கேதான் போக வேண்டும், பென்ஷனுக்கும் அங்கேதான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஓட்டைக் கொண்டுபோய், நல்லவர், படித்தவர், ஆனால் ஆபீஸ் இல்லாதவர் என்ற ஒருவருக்கு யார் போடுவார்கள்? முன்மொழியக் கையெழுத்துப் போடப் பயந்தவர்கள் எல்லோரும் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவர்களைக் கோழைகள் என்றோ, குக்கருக்கு விலைபோனவர்கள் என்றோ எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. குக்கர் வாங்கிய வீட்டில் அதைக் கொடுத்த கட்சிக்கே ஓட்டு விழுந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எம்எல்ஏ ஆபீஸுக்கு ஒரு போன் போட்டால் எடுப்பார்களா என்பது வேறு விஷயம். அது நிஜமாகவே ஓட்டைத் திருப்பும்.

2015 வார்டுத் தேர்தலைப் பாருங்கள். 198 வார்டில் பாஜக 100, காங்கிரஸ் 76, ஜனதா தளம் 14. மிச்சம் 8 இடம் சுயேச்சைகளுக்கும் சிறு கட்சிக்கும். 8 என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் பெங்களூரில் அப்போது எம்பி, எம்எல்ஏ, எம்எல்சிக்களுக்கும் மேயர் தேர்தலில் ஓட்டு இருந்தது. 100 இடம் ஜெயித்த பாஜகவை ஓரமாக வைத்துவிட்டு, காங்கிரஸும் ஜனதா தளமும் சுயேச்சைகளைச் சேர்த்துக்கொண்டு மேயர் பதவியைப் பிடித்தன. வார்டில் சில ஆயிரம் ஓட்டு வாங்கினாலே ஜெயிக்கலாம், ஜெயித்தால் பேரம் பேசலாம், மோரியைச் சுத்தம் செய்து காட்டலாம். அப்புறம் சட்டமன்றத்துக்கு நின்றால் ஜனங்கள் நம்புவார்கள். அந்த ஏணியை எடுத்துவிட்டு, நேரே மாடிக்குக் குதி என்றால் எந்தச் சிறிய கட்சியும் விழத்தான் செய்யும். ஆம் ஆத்மி 2023ல் கர்நாடகத்தில் 200க்கும் மேற்பட்ட இடங்களில் நின்றது. ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

"இங்குள்ள தமிழர்கள் எப்போதும் பெரிய கட்சிக்குத்தான் போடுவார்கள்" என்று சிலர் எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பழைய கணக்கு தெரியாது போலிருக்கிறது. தமிழர்கள் நிறைந்த கோலார் தங்கவயலில் 1983, 1989, 1999ல் ஜெயித்தது இரட்டை இலை. நடுவில் 1985ல் மார்க்சிஸ்ட். 2004ல் இந்தியக் குடியரசுக் கட்சி. இங்கே பெங்களூருக்குள்ளேயே 1994ல் காந்திநகரில் அதிமுக ஜெயித்தது. அத்தனையும் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு! தங்கவயலில் சுரங்கம் இருந்தது, சுரங்க லைன்கள் இருந்தன, தொழிற்சங்கம் இருந்தது. சம்பளப் பிரச்சினை, ஆஸ்பத்திரி, சாவுச் செலவு, எதற்கும் சங்கத்து ஆள் வந்து நிற்பார். அந்த ஆள் கை காட்டிய சின்னத்துக்கு ஓட்டு விழுந்தது. 2001ல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்கப்புறம் 2008, 2013ல் அங்கே பாஜக, 2018, 2023ல் காங்கிரஸ். மொழி, இனம் எல்லாம் அப்போதும் இப்போதும் அதேதான். கூப்பிட்டால் வருகிற ஆள்தான் இல்லாமல் போனார்.

2023லேயே இதற்கு ஒரு வேடிக்கை உண்டு. பெங்களூரின் புலிகேசிநகரில் இரட்டை இலைச் சின்னத்தில் ஆளை அறிவித்தது அதிமுக. எங்கள் தெருவில் வயசானவர்களுக்கெல்லாம் ஒரு துள்ளல். வாபஸ் தேதிக்குள் பாஜக கேட்டுக்கொண்டது என்று வேட்பாளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். "நாங்க எம்ஜிஆருக்குப் பச்சை குத்தினவங்கப்பா, இவங்க என்னடான்னா..." என்று ஒரு பெரியவர் ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமல் பீடியைப் பற்ற வைத்தார். கேட்க ஆள் இல்லாத அந்தக் கோபத்தில் கொஞ்சம் எங்கள் தையல் மெஷினுக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

ஓட்டைப் பிரிப்பீர்களே என்ற குற்றச்சாட்டும் வரும். நியாயமான கேள்விதான், மழுப்ப மாட்டேன். அதே தேர்தலில் ஜெயநகரில் பாஜக ஜெயித்தது வெறும் 16 ஓட்டில், அதுவும் மறு எண்ணிக்கைக்கு அப்புறம். 2004ல் சந்தேமாரஹள்ளியில் ஒரே ஓட்டு. அப்படிப்பட்ட இடத்தில் மூன்றாவது ஆளுக்குப் போட்ட ஒவ்வொரு ஓட்டும் யாரோ ஒருவரைத் தோற்கடித்ததாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஜெயநகரில் நோட்டாவுக்கு விழுந்ததே 16க்கு மேல். நோட்டாவை யாரும் ஓட்டுப் பிரித்தாய் என்று திட்டுவதில்லை. உங்கள் தொகுதி இழுபறி, இருவரில் ஒருவர் வரவே கூடாது என்று உங்களுக்கு உறுதியாகத் தோன்றினால் பெரிய கட்சிக்கே போடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. யார் ஜெயிப்பார் என்று முன்னாடியே ஊருக்கே தெரிந்த தொகுதியில் எதற்கு அந்தக் கவலை? எங்களது அப்படிப்பட்ட தொகுதி.

இனி, வேலை செய்ய நினைக்கிறவர்களுக்கு. கூட்டம், பேரணி, வாட்ஸ்அப் வீடியோ எல்லாம் இரண்டாம் பட்சம். முதலில் பூத் ஏஜென்ட்டைத் தேடுங்கள். மாநிலம் முழுக்க 58 ஆயிரத்துக்கும் மேல் வாக்குச்சாவடிகள், 224 தொகுதி. ஒரு தொகுதிக்குச் சராசரியாக 250க்கு மேல் வருகிறது. அத்தனை பூத்திலும் காலை மாதிரி ஓட்டுப்பதிவிலிருந்து மெஷினுக்குச் சீல் வைக்கும் வரை உட்கார ஆள் வேண்டும். பெரிய கட்சிக்கு ஆளும் இருக்கும், மாற்று ஆளும் இருக்கும், பிரியாணியும் வரும். எங்களால் சில பூத்தில்தான் ஆள் போட முடிந்தது. பெரும்பாலும் அக்கா ஹக்கு பத்திரம் வாங்கிக் கொடுத்த வீட்டுப் பெண்கள். அதில் ஒரு அம்மா வீட்டுவேலைக்கு லீவு சொல்லிவிட்டு, புளிசோற்று டப்பாவோடு வந்து உட்கார்ந்தார். யார் உள்ளே வந்தாலும் அவருக்கு வீட்டு நம்பர் தெரியும். சாயங்காலம் அதிகாரி 17சி படிவத்தை நீட்டியதும், மொத்தம் எத்தனை ஓட்டு பதிவாகியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பெரிய கட்சி ஏஜென்ட் தம்பி பார்க்காமலே போட்டுவிட்டு எழுந்தான்.

எண்ணிக்கை முடிந்த பிறகு பூத் வாரியாக யாருக்கு எத்தனை என்ற படிவம் 20 மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் கிடைக்கும். மொத்த ஓட்டைப் பார்த்து ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாங்கள், அதைப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தோம். பெரும்பாலான பூத்தில் ஒற்றை இலக்கம், பூஜ்யமும் உண்டு. அக்கா வேலை செய்த நாலைந்து குடியிருப்புகளின் பூத்தில் மட்டும் மூன்று இலக்கம். ஒன்றில் இரண்டாம் இடம். அந்தப் பூத்துகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே வார்டுக்குள் விழுகின்றன. வார்டுத் தேர்தலாக இருந்திருந்தால் அக்கா கடும் போட்டி கொடுத்திருப்பார்.

உங்கள் தொகுதியில் அப்படி யாராவது நின்றிருந்தால் முதலில் அந்தப் படிவம் 20ஐத் திறந்து, உங்கள் பூத்தின் வரிசையைப் பாருங்கள். அங்கே அவருக்கு 60, 70 ஓட்டு இருந்தால், அடுத்த தடவை அந்தப் பூத்தில் விடியற்காலையிலேயே யார் போய் உட்காரப் போகிறார்கள் என்று அவரிடமே கேளுங்கள். ஆள் இல்லை என்றுதான் சொல்வார். நேரம் இருந்தால் நீங்களே போய் உட்காரலாம். அந்தத் தொகுதியில் ஓட்டு இருந்து, வேட்பாளர் கையெழுத்துப் போட்ட நியமனப் படிவமும் கையில் இருந்தால் போதும்.