கரண்ட் போயிருச்சு

வணக்கம் சார்,

என் அக்கா மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் என்று மூன்றரை வயதில் சொன்னார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வராது. எங்கோ கேட்ட வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்வான். போன மாதம் என் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது காதைப் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். மண்டபம் முழுக்க சீரியல் லைட் எரிகிறது, இவன் "கரண்ட் போயிருச்சு, கரண்ட் போயிருச்சு" என்று கத்துகிறான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா" என்று அக்கா காதுபடவே ஒருவர் சொன்னார். அதற்கப்புறம் அக்கா எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. அவன் மனதில் என்னதான் ஓடுகிறது சார்? தாய்மாமன் நான் என்ன செய்யட்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அவன் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் கரண்ட் போனால் என்ன ஆகிறது? ஃபேன், மிக்ஸி, டிவி எல்லாம் ஒரே நொடியில் அடங்குகின்றன. கண்ணைக் கூசும் ட்யூப் லைட்டும் அணைகிறது. உடனே யாராவது ஒருவர் "கரண்ட் போயிருச்சு" என்கிறார். அந்த அமைதிக்கு அவன் மனதில் ஒட்டிக்கொண்ட பெயரே அதுவாக இருக்கலாம். தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து காதில் அறையும்போது, இதெல்லாம் நின்றால் போதும் என்று தன் பாஷையில் கெஞ்சியிருக்கிறான் என்றே எனக்குப் படுகிறது. இது என் ஊகம்தான். சரியா என்று அக்காவைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும்.

இப்படி யோசிக்க எனக்குக் காரணம் இருக்கிறது. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த மனநல மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் பற்றிய இன்றைய பேச்சு பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பியதுதான். அதில் வரும் ஒரு பையன், கைப்பிடி வைத்த பாத்திரம் ஒன்றைப் பார்த்தால் போதும், "பீட்டர் ஈட்டர்" என்பான். கேட்பவருக்கு அது உளறல். அம்மாவுக்கு மட்டும் ஞாபகம் வந்தது: அவனுக்கு 2 வயதாக இருந்தபோது, பீட்டர் என்று தொடங்கும் குழந்தைப் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் கையிலிருந்து அந்தப் பாத்திரம் நழுவி விழுந்தது. அன்றிலிருந்து அவனுக்கு அதன் பெயர் அதுதான். கேட்டதையே திருப்பிச் சொல்கிறான் என்று நாம் தள்ளிவிடும் பேச்சில் பல சமயம் இப்படி ஒரு பழைய நாள் ஒளிந்திருக்கிறது.

அதே கட்டுரையில் கானர் பெற்றோரின் ஒட்டாத தன்மை பற்றியும் எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, அம்மா பாசம் காட்டாததால் வந்த நோய் இது என்று ரொம்ப வருஷம் பேசினார்கள். அது பொய் என்று தெளிவாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இங்கே பாசம் குறைந்துபோச்சு என்பதற்குப் பதிலாகச் செல்லம் கூடிப்போச்சு என்கிறார்கள், பழி என்னவோ அதே அம்மாவுக்குத்தான். உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

ஆட்டிசத்துக்குத் தமிழில் சிலர் சொல்லும் மதி இறுக்கம் என்ற சொல்லையும் நான் பயன்படுத்துவதில்லை. அவன் மதி இறுகியா கிடக்கிறது? நமக்குத் தானாக அமுங்கிவிடும் ஃபேன் சத்தம்கூட அவனுக்கு முழு அளவில் உள்ளே வரக்கூடும். மண்டபத்தில் நடந்ததும் அடம் இல்லை. அடம்பிடிக்கும் பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். தாங்க முடியாமல் போன பிள்ளைக்கு யார் பார்த்தாலும் ஒன்றுதான்.

கானர் எழுதிய அந்த 11 பேரில் முதலாமவர் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர்க்காரர். சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக ஊர் ஊராகச் சுற்றினார். 2023இல், 89 வயதில் இறந்தார். ஆட்டிசம் அவரை விட்டுப் போகவில்லை. ஊர் அவரைத் தங்களில் ஒருவராக வைத்துக்கொண்டது. எல்லாப் பிள்ளைக்கும் இது வாய்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு வாழ்நாள் முழுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். அதுவும் ஒரு வாழ்க்கைதான், குறைந்ததில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்? அடுத்த விசேஷத்துக்கு அக்காவை நேரில் போய் அழையுங்கள். முதல் நாளே அவனைக் காலி மண்டபத்துக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுங்கள். நாளைக்கு என்னென்ன நடக்கும் என்று வரிசையாகப் படம் போட்டுக் கையில் கொடுங்கள். சத்தத்தைக் குறைக்கும் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கி வீட்டிலேயே பழக்குங்கள். பின்பக்கம் ஒரு ரூம் சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். நாற்காலிக்கு அடியில் போய்விட்டால் இழுக்காதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். சுற்றி நிற்பவர்களை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். அவன் அடிக்கடி சொல்லும் வாக்கியங்களை எழுதி, எப்போது சொன்னான், அதற்கு முன் என்ன நடந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். அக்காவிடம் பாதி அகராதி ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும். இதுவரை அதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்புடன்.