ஆல் வீல் டிரைவ் எடுத்தால் மைலேஜ் எவ்வளவு குறையும்?

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், பழைய கார் சந்தையில் மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா வாங்கலாம் என்று இருக்கிறார். பெட்ரோல், மேனுவல் கியர் வண்டிதான் வேண்டும். அதில் முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டி ஒன்றும், நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ‘ஆல்கிரிப்’ வண்டி ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 கி.மீ. ஓட்டுகிறார். பெரும்பாலும் தார்ச்சாலைதான், வீட்டுக்குப் போகும் கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் செங்குத்தான மண் பாதை. ஆல் வீல் டிரைவ் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாது என்று நண்பர்கள் சொல்வது உண்மையா என்பது அவருடைய கேள்வி.

மைலேஜ் குறையத்தான் செய்யும். ஆனால் நண்பர்கள் அச்சுறுத்தும் அளவுக்கு அல்ல. இந்த வண்டி 2022-இல் அறிமுகமானபோது, ஒரே 1.5 லிட்டர் என்ஜின், ஒரே மேனுவல் கியர்பாக்ஸ் கொண்ட இரண்டு வகைகளுக்கும் அறிவிக்கப்பட்ட மைலேஜ், முன்சக்கர இயக்கத்தில் லிட்டருக்கு 21.11 கி.மீ., ஆல்கிரிப்பில் 19.38 கி.மீ. அதாவது சுமார் 8 சதவீதக் குறைவு. இவை சோதனைக்கூட அளவுகள். மலையில் ஓட்டுகிறவருக்குக் கிடைப்பவை அல்ல. மலைப்பாதையில் முன்சக்கர வண்டி 14 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டு அதே விகிதத்தில் கணக்கிட்டால், ஆல்கிரிப் 12.9 கி.மீ. அளவில் நிற்கும். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்ட முன்னதற்கு 1,071 லிட்டர் போதும். பின்னதற்குச் சுமார் 95 லிட்டர் கூடுதலாக வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், மாதத்துக்கு 800 ரூபாய் கூடுதல் செலவு.

இந்த இழப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. விசையைப் பின்பக்கம் அனுப்பும் கியர்கள், பின்பக்கம் வரை நீளும் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு, அந்த விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரன்ஷியல், அதிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஆக்சில்கள் ஆகியவை ஆல் வீல் டிரைவில் கூடுதலாக உள்ளவை. எடை கூடுவதால்தான் பெட்ரோல் செலவாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கூடுதல் எடை 70 கிலோ என்று கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் உயரம் சுமார் 1,500 மீட்டர். பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று எடுத்துக்கொண்டால், அந்த 70 கிலோவை மேலே கொண்டுசேர்க்க ஏறத்தாழ 130 மில்லி பெட்ரோல் ஆகும். ஒரு முழு மலையேற்றத்துக்கு 13 ரூபாய் என்பது பெரிய தொகை அல்ல. உராய்வின் கணக்கு வேறு. பின்சக்கரங்களுக்கு விசை போகாத நேரத்திலும் அந்த ஷாஃப்டும் பற்சக்கரங்களும் எண்ணெயைக் கடைந்துகொண்டு சுற்றியபடியே இருக்கும். அந்த இழப்பு சமவெளியிலும் தொடரும். மலைக்குளிரில் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது அது இன்னும் கூடும். ஆகவே வண்டி சூடாவதற்குள் முடிந்துவிடும் குறும்பயணங்களில் வித்தியாசம் 8 சதவீதத்தைத் தாண்டினால் வியப்படைய வேண்டாம்.

இந்தச் செலவுக்கு ஈடாகக் கிடைப்பது என்ன? ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்பக்கம் சாய்வதால், முன்சக்கரங்கள் தரையை அழுத்தும் பலம் குறைகிறது. ஈர மண்ணில் நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது முன்சக்கர வண்டியின் சக்கரங்கள் வெறுமனே சுழன்று, வண்டி நகராமல் நிற்பது இதனால்தான். பாரம் சாய்ந்திருக்கும் பின்சக்கரங்களுக்கும் ஆல்கிரிப் விசை கொடுப்பதால் வண்டி ஏறிவிடுகிறது. ஆனால் பிரேக் பிடித்து வண்டியை நிறுத்துவதில் அதனால் எந்த நன்மையும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு. ஈரச்சாலையில் வண்டியை நிறுத்துவது டயர்தான். ஆல் வீல் டிரைவ் இருக்கிறது என்ற தைரியத்தில் தேய்ந்த டயருடன் மலை இறங்குவது உயிருக்கே ஆபத்து.

கோத்தகிரி வட்டாரத்துக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகவே கிடைக்கும். அந்த மாதங்களில் உங்கள் மண் பாதையில் வண்டி நின்றுபோய், ஆள் வைத்துத் தள்ளிய அனுபவம் இருந்தால், மாதம் 800 ரூபாயைப் பொருட்படுத்தாமல் ஆல்கிரிப்பையே எடுங்கள். அப்படி நேர்ந்ததே இல்லை என்றால், அல்லது அந்த ஒரு கிலோமீட்டருக்குக் கான்கிரீட் போடும் திட்டம் இருந்தால், முன்சக்கர வண்டியை வாங்கி நல்ல டயர் போட்டுக்கொள்வதே என் பரிந்துரை. தார்ச்சாலைக்கு அதுவே தாராளம்.

ஆல்கிரிப் என்று முடிவெடுத்தால், முதலில் நான்கு டயர்களையும் குனிந்து பாருங்கள். நான்கும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும். தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று ஓட்டியிருந்தால் சக்கரங்களின் சுற்றளவு வேறுபட்டு, முன்னையும் பின்னையும் இணைக்கும் கிளட்ச் தேவையில்லாமல் வழுக்கிச் சூடேறியிருக்கும். பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின் டிஃபரன்ஷியலைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும், அந்த எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று சர்வீஸ் பதிவில் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். வாங்கிய பின், பின்சக்கரங்களுக்கும் தொடர்ந்து விசை அனுப்பும் ‘லாக்’ நிலையைச் சேற்றில் மட்டும் பயன்படுத்துங்கள்; தார்ச்சாலைக்கு வந்ததும், தேவைப்படும்போது மட்டும் பின்பக்கம் விசை அனுப்பும் ‘ஆட்டோ’வுக்கு மாற்றிவிடுங்கள்.