புதுச்சேரியில் மஞ்சள் சுவரை விட்டால் வேறென்ன படம் எடுக்கலாம்?

லீவுக்குக் குடும்பத்தோடு போகிறேன், கையில் மொபைல் மட்டும்தான், அன்றாடத் தெருக்காட்சிகளை எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மொபைலே நல்லது. பெரிய கேமராவைத் தூக்கினால் ஆட்கள் விறைத்துக்கொள்வார்கள்.

ஊருக்குக் கிழக்கே கடல். அதனால் காலை வெயில் குறுக்குத் தெருக்களுக்குள் நேராக நுழையும். சூரியனைப் பார்த்து நின்றால் சைக்கிளில் வருபவர் வெறும் நிழலுருவமாகத்தான் விழுவார். முதுகைக் காட்டி நின்றால் முகம் துலங்கும். மஞ்சள் சுவர் வீடுகள் இருக்கும் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் கல்யாண போட்டோ ஷூட் கூட்டம் வேறு. சட்டென்று முடித்துவிட்டு வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வாருங்கள். வைசியாள் வீதியில் திண்ணை வைத்த பழைய வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பெரிய மார்க்கெட்டில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். நீலத் தார்ப்பாய் கட்டிய கடையென்றால் வஞ்சிரமும் நீலம், விற்கும் அக்கா முகமும் நீலம். ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) மாற்றிப் போராடுவதைவிட, வெளிவெளிச்சம் விழும் ஓரக் கடையாகப் பாருங்கள். திரையில் முகத்தைத் தொட்டு ஃபோகஸ் வையுங்கள். செதில் சீவும் கை கலங்காமல் வர, கேமரா அமைப்புகளை நாமே மாற்றிக்கொள்ளும் ப்ரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/500 நொடி ஆக்குங்கள். வியாபாரம் மும்முரமாக இருக்கும்போது வழியை மறிக்காதீர்கள். ஏதாவது வாங்கிவிட்டு, "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாமென்று கையசைத்தால் விட்டுவிடுங்கள். குழந்தைகளென்றால் கூட இருக்கும் பெரியவரிடம் கேட்காமல் எடுக்கவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தால் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.